ஒரு பொய்யும் இல்லாத ரிப்போர்ட்

பணிமனையில் அவளுக்கு ரப்பர் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நேரில் ‘மேடம்’, முதுகைத் திருப்பினால் ‘ரப்பர்’. பெயர் வைத்த புண்ணியவான் யாரென்பதும் அவளுக்குத் தெரியும். ஹாரன் என்று எல்லோரும் சொல்லும் டிரைவர்தான் அது. அவருக்கு அந்தப் பெயரை யாரும் யோசித்து வைக்கவில்லை. அவருடைய தொண்டையே வைத்துக்கொண்டது.

பேருந்துப் பணிமனையில் எது நடந்தாலும் அதற்கு ஒரு ரிப்போர்ட் உண்டு. வண்டி உரசினால் ரிப்போர்ட், பயணி சட்டையைப் பிடித்தால் ரிப்போர்ட், கழுவுமிடத்துக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் அதற்கும் ரிப்போர்ட். எழுதுகிறவர்கள் பல பேர். எல்லாம் கடைசியில் மாடியில் ஜன்னலோரமாக இருக்கும் அவள் மேசைக்கு வரும். அவள் படித்து, ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரையைக் குத்திய பிறகுதான் தலைமை அலுவலகத்துக்குப் போகும்.

மனிதர்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுத வராது என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்த புதிதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ‘கண்டக்டர் வழக்கம்போல் திமிராகப் பதில் சொன்னார்’ என்று ஒருவர் எழுதிக்கொண்டு வருவார். என்ன சொன்னார் என்று கேட்டால், ‘சில்லறை இல்லை’ என்றாராம். இதில் திமிர் எங்கே இருக்கிறது, வழக்கம் எங்கே இருக்கிறது? ‘வேண்டுமென்றே பிரேக் போட்டார்’ என்று இன்னொருவர். டிரைவரின் மனசுக்குள் புகுந்து பார்த்துவிட்டு வந்த மாதிரி. அவள் பென்சிலை எடுத்து அடித்துத் தள்ளுவாள். “நீங்க பாத்ததை மட்டும் எழுதுங்க சார். உங்க ஆத்திரத்தை வீட்ல வெச்சிட்டு வாங்க” என்று தாளைத் திருப்பிக் கொடுப்பாள். இப்படி வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அவள் வாய்தான் வலித்தது.

வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம். மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கணவர், காலையில் பேப்பரைப் பிரித்ததும் தலைப்பைப் படித்துவிட்டு உச்சுக் கொட்டுவார். “இன்னும் உள்ளே படிக்கவே இல்லையே, அதுக்குள்ள எதுக்கு உச்சு?” என்பாள் இவள். நாத்தனாரோ குடும்ப குரூப்பில், ‘அண்ணி கடைசியில்தான் வந்தாங்க, எல்லா வேலையும் முடிஞ்சப்புறம்’ என்று போடுவாள். பஸ் கிடைக்கவில்லை என்பதும், வந்த பிறகு பாத்திரம் முழுக்க அண்ணிதான் தேய்த்தாள் என்பதும் அதில் இருக்காது. கீழே கைகூப்பும் படம் மட்டும் ஒன்று இருக்கும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பதில் எழுதப் போனால் கணவர் போனைப் பிடுங்கி வைத்துவிடுவார்.

இப்படிப்பட்டவளிடம் அதிகம் குட்டு வாங்கியது டைம் கீப்பர். வண்டி எப்போது வெளியே போகிறது, எப்போது உள்ளே வருகிறது என்று பார்ப்பது அவர் வேலை. ஆனால் அவர் ரிப்போர்ட்டுகளில் நேரத்தைத் தவிர மற்ற எல்லாமே இருக்கும். பிடிக்காத டிரைவர் என்றால் ‘ஒழுங்கீனத்தின் மொத்த உருவம்’ என்பார். பிடித்தவர் என்றால் ‘தவிர்க்க முடியாத சூழ்நிலையில் லேசாக உரசியது’ என்பார். ஒரே தூண், ஒரே உரசல். அவள் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புவாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே மாற்றி எழுதிக்கொண்டு வருவார்.

அப்படி இருக்கையில் ஒருநாள், ஹாரன் ஓட்டிய வண்டி தூணில் மோதியதைப் பற்றி டைம் கீப்பர் ஒரு ரிப்போர்ட் கொண்டுவந்து வைத்தார். அவள் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படிக்கத் தொடங்கினாள்.

‘ஓட்டுநர் குறித்த நேரத்துக்குப் பின்னரே வண்டியை எடுத்தார். தாமதத்துக்காக அவருக்கு முன்பும் எச்சரிக்கை தரப்பட்டுள்ளது. கழுவுமிடத்தை ஒட்டி வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது பின்பகுதி தூணில் மோதியது. பின்கண்ணாடி முழுவதும் உடைந்தது. மோதிய பின் ஓட்டுநர் உரத்த குரலில் பேசினார். அப்போது கழுவுமிடத்தில் ஊழியர்கள் நின்றிருந்தனர்.’

அவ்வளவுதான். ஒழுங்கீனம் இல்லை, உருவம் இல்லை, ‘வேண்டுமென்றே’ இல்லை. பென்சிலுக்கு வேலையே இல்லை. அவளுக்கு நம்பவே முடியவில்லை.

“இப்பதான் சார் இது ரிப்போர்ட் மாதிரி இருக்கு” என்றாள்.

“எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதாம்மா” என்றார் டைம் கீப்பர். அவர் அவ்வளவு பணிவாகச் சொல்லும்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பணியிலிருந்து நீக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது, விசாரணைக்கு வரவும் என்று ஹாரனுக்கு ஓலை. கூடவே ரிப்போர்ட்டின் நகலும் இணைத்திருந்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் மாடி ஏறி வந்தார். வழக்கமாக அவர் வருவது அவர் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். அன்று மேசை முன்னால் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

“மேடம், இது நீங்க பாஸ் பண்ணதுதானே?”

“ஆமா. ஏன், இதுல எதாவது பொய் இருக்கா?”

“அதான் மேடம் பிரச்சனையே. ஒரு பொய்கூட இல்ல. நாலஞ்சு தடவ படிச்சிட்டேன். நான் அதிகாரியா இருந்தா, இந்த ஆளை நானே வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தாள். செய்யவில்லை.

“லேட்டா எடுத்தேன், வாஸ்தவம். ஏன் லேட்டுன்னு இதுல இருக்கா? அந்த டைம் கீப்பர்தான் என்னைக் கூப்பிட்டு, ஸ்டாண்டுல நின்னுபோன வண்டியப் போய் எடுத்துட்டு வான்னு அனுப்பினாரு. அதை முடிச்சிட்டு வந்துதான் என் வண்டிய எடுத்தேன். தூணுல மோதினேன், வாஸ்தவம். வண்டி திரும்பற இடத்துல ஒரு செத்த வண்டியக் கொண்டுவந்து போட்டு வெச்சிருக்காங்களே, அது இதுல இருக்கா? ஆளுங்க நின்னாங்களாம். நின்னாங்க, எனக்கு முன்னாடி பக்கம். நான் எடுத்தது பின்னாடி.”

அவள் நகலை வாங்கி மறுபடியும் படித்தாள். ஒவ்வொரு வாக்கியமும் அதனதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அடிப்பதற்கு இன்றைக்கும் ஒரு சொல் இல்லை.

“கண்டக்டர் எங்க இருந்தார்?” என்று கேட்டாள். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் இறங்கிப் பின்னால் நின்று விசில் கொடுக்க வேண்டும் என்பது விதி.

ஹாரன் ஜன்னல் பக்கம் பார்த்தார். “அது எதுக்கு மேடம் இப்ப” என்றார்.

ஆக, இவரும் அப்படித்தான். அவளுக்கு அலுப்பாக இருந்தது. ஆளாளுக்கு அவரவர் வசதிக்குப் பாதியைக் கையில் கொண்டுவருகிறார்கள், மீதியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்கிப் போனாள். நாற்காலியை விட்டு எழுந்து அந்தப் பக்கம் போய் எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. கழுவுமிடத்தை ஒட்டி, சக்கரத்தில் காற்று இறங்கிப்போன ஒரு பழைய வண்டி பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கும் தூணுக்கும் நடுவில் ஒரு வண்டி வளைந்து வர வேண்டும் என்றால் டிரைவருக்கு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். தூணின் மேல் வேறு வேறு நிறத்தில் பெயின்ட் ஒட்டியிருந்தது. அதில் மோதியது ஹாரன் ஒருத்தர் மட்டும் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

வண்டி கழுவுகிற அம்மாள் குழாயை மூடிவிட்டு வந்தாள். “இதா? மழைக்கு முன்னாடியிருந்து நிக்குதும்மா. டைம் கீப்பர் ஐயாதான் இங்க தள்ளச் சொன்னாரு.”

“அன்னிக்குக் கண்டக்டர் பின்னாடி நின்னாரா?”

“அவரு டீ குடிச்சிட்டு இருந்தாரு. வரட்டும் இருங்கன்னு நான்கூடச் சொன்னேன். டிரைவரு எங்க கேக்கறாரு. நேரமாச்சுன்னு எடுத்துட்டாரு.”

அவள் மேலே போகாமல் நேராக டைம் கீப்பரின் கூண்டுக்குப் போனாள்.

“சார், லேட்டானதுக்குக் காரணம் எழுதலையே?”

“நீங்கதானேம்மா சொன்னீங்க, காரணமெல்லாம் நம்ம கற்பனை, நடந்ததை மட்டும் எழுதுன்னு.”

“நீங்க அவரை ஸ்டாண்டுக்கு அனுப்பினதும் நடந்ததுதானே?”

“அது எனக்கும் அவனுக்கும் நடந்தது. வண்டிக்கு நடந்தது இல்லையே.”

“அப்ப அந்தச் செத்த வண்டி?”

“அது சும்மா நின்னுட்டு இருக்கு. நிக்கிறதெல்லாம் ஒரு நடந்த விஷயமா?”

“கழுவுறவங்களும் சும்மாதான் நின்னாங்க. அவங்களை எழுதியிருக்கீங்களே.”

டைம் கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“உரத்த குரல்ல பேசினார்னு எழுதியிருக்கீங்க. அந்த மனுஷன் வணக்கம் சொன்னாலும் உரத்த குரல்தான் சார்.”

“பேசினானா இல்லியா? அதைச் சொல்லுங்க. ஒரு வார்த்த பொய்யின்னு சொல்லுங்க, இந்த இடத்துலயே கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கறேன்.”

அவள் திரும்பி மாடிப்படி ஏறினாள். இத்தனை வருஷம் திட்டை எல்லாம் அடித்துத் தள்ளி அவள் என்ன சாதித்தாள்? திட்டோடு இருந்தபோதாவது, இந்த மனுஷனுக்கு ஆகாதவன் போலிருக்கிறது என்று படிக்கிறவருக்குத் தெரிந்தது. இப்போது அந்த வன்மம் அப்படியே இருக்கிறது, அடையாளம் மட்டும் துடைத்துவிட்டாயிற்று. துடைக்கச் சொல்லிக் கொடுத்தது அவள். அதற்கு மேல் முத்திரை வேறு.

அதைவிட எரிச்சலான விஷயம் வீடு போகும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. ‘உரத்த குரலில்’ என்பது வேறு யாரைப் பற்றிய ரிப்போர்ட்டில் வந்திருந்தாலும் அவள் விட்டிருக்க மாட்டாள். என்ன பேசினார், யாரிடம் பேசினார் என்று குடைந்திருப்பாள். இதில் ஏன் குடையவில்லை? ஏனென்றால் அவளுக்கு ஹாரனைப் பிடிக்காது. கேன்டீனில் மேசையைத் தட்டி, அவளைப் போலவே பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பவர். அந்த ஆளைப் பற்றி அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தபோது, உள்ளுக்குள் எங்கோ ‘வேணும் நல்லா’ என்று இருந்தது. பொய் எழுதியவர் யாரும் இல்லை. ஆனால் எழுதியவருக்கு ஆகாதவர் படித்தவளுக்கும் ஆகாதவர். அது போதுமானதாக இருந்திருக்கிறது.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். “இன்னொரு ரிப்போர்ட் எழுதி அனுப்பிடப் போறேன். முதல்ல போனது முழுசு இல்லன்னு.”

“உனக்கு எதுக்கு வம்பு?” என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, “எழுதறதுதான் எழுதற, அந்தக் கண்டக்டர் சமாச்சாரத்தை விட்டுடு. பாவம், அந்த டிரைவருக்கு வேலை போயிடும்” என்றார்.

“விட்டா நான் யாரு? இன்னொரு டைம் கீப்பர். அவர் அந்தப் பக்கம் விட்டார், நான் இந்தப் பக்கம் விடறேன், அவ்வளவுதான்.”

“அப்ப எழுது. எப்படியும் நான் சொல்றதைக் கேக்கப் போறதில்ல.”

எழுத உட்கார்ந்தால் வரவில்லை. அடுத்தவன் எழுதியதை அடிப்பது வேறு, எழுதுவது வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. செத்த வண்டியை முதலில் வைத்தால் ஹாரன் அப்பாவியாகிவிடுகிறார். விசில் இல்லாமல் எடுத்ததை முதலில் வைத்தால் அயோக்கியனாகிவிடுகிறார். நடுவில் ஒரு ‘ஆனால்’ போட்டால், அதற்குப் பின்னால் வருவது எதுவோ அதுவே ஜெயிக்கிறது. கிழித்துக் கிழித்துப் போட்டாள். கடைசியில், மோதல் நடந்த அன்று காலையிலிருந்து எது எதற்குப் பிறகு நடந்ததோ அதே வரிசையில், எதை யார் பார்த்துச் சொன்னார் என்பதோடு எழுதினாள். கண்டக்டர் வரும்வரை காத்திருக்கச் சொல்லியும் ஓட்டுநர் வண்டியை எடுத்தார் என்பதும் இருந்தது. வழியை அடைத்து நிற்கும் வண்டியும், அதை அங்கே தள்ளச் சொன்னவரும், ஓட்டுநரை ஸ்டாண்டுக்கு அனுப்பியவரும் இருந்தார்கள். எல்லாம் முடிந்ததும் கீழே ஒரு வரி சேர்த்தாள். ‘முதல் அறிக்கையைச் சரிபார்த்த எனக்கு இந்த ஓட்டுநரைப் பிடிக்காது. ஆகவே கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை.’

மேனேஜர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “கடைசி வரி எதுக்குமா? ஆபீஸ் பேப்பர்ல பிடிக்கும் பிடிக்காதுன்னெல்லாம் எழுதுவாங்களா?”

“மத்ததெல்லாம் நான் விசாரிச்சு எழுதினது சார். அது ஒண்ணுதான் எனக்கே நல்லாத் தெரிஞ்சது.”

“உங்களுக்குத்தாம்மா மெமோ வரும்.”

“வரட்டும் சார்.”

மேனேஜரோடு முடிந்ததா என்றால் இல்லை. சேதி எப்படியோ கசிந்து, ஹாரன் படியிலேயே வழிமறித்தார். இந்த முறை குரல் பழைய குரலாகிவிட்டிருந்தது. “மேடம், என் பக்கம் எழுதறீங்கன்னு சந்தோஷப்பட்டேன். அந்தக் கண்டக்டர் வரியை ஏன் போட்டீங்க?”

“நான் உங்க பக்கம் எழுதறேன்னு யார் சொன்னது?”

“எத்தனையோ பேரோட வரியை அடிச்சிருக்கீங்க. ரப்பர்னு பேரே இருக்கு. இந்த ஒரே ஒரு வரியை அடிச்சீங்கன்னா என் வேலை தப்பிக்கும். வீட்ல அம்மா இருக்காங்க, பசங்க படிக்கறாங்க. உங்களுக்கென்ன நஷ்டம்?”

அந்தப் பெயரை அவர் அவள் முகத்துக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதை அவர் கவனிக்கக்கூட இல்லை, அவ்வளவு பயந்து போயிருந்தார். அவளுக்கு இரக்கமாகத்தான் இருந்தது. கோபமாகவும் இருந்தது. இந்த மனுஷனை இன்னும் பிடிக்கவில்லை என்பதும் கூடவே இருந்தது. இவை எதையுமே நம்பி ஒரு வரியை எடுக்கக் கூடாது என்று தோன்றியது.

“அந்த வரி இல்லன்னா மீதியையும் நம்ப மாட்டாங்க. நம்பினாலும் நான் அனுப்ப மாட்டேன். வழிய விடுங்க” என்றாள்.

விசாரணை நடந்தது. ஹாரனுக்கு வேலை தப்பியது. விசில் இல்லாமல் வண்டி எடுத்ததற்காகக் கொஞ்ச நாள் சம்பளமில்லாமல் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். டைம் கீப்பரை வேறு பணிமனைக்கு மாற்றினார்கள். போகும்போதும் அவர், தன் ரிப்போர்ட்டில் பொய் எது என்று யாராலும் காட்ட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டேதான் போனார். அவளுக்கு மெமோ வந்தது. அவள் முத்திரைக்குப் பக்கத்தில் இனி இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்த இன்னொருவர் படிக்காமலே போட்டுவிடுகிறார். செத்த வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதை நகர்த்த வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு ரிப்போர்ட் வேண்டும் என்கிறார்கள். எழுத வேண்டியது புது டைம் கீப்பர். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஹாரன் வேலைக்குத் திரும்பிய பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றியும் சொல்லவில்லை, சண்டைக்கும் வரவில்லை. எப்படியோ போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில், துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வாசலில் அந்தக் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற அளவுக்குக் கேட்டது. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, “உன் ஆளு வந்திருக்கார்” என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

ஹாரன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். “மேடம், ஒரு விஷயம் எழுதித் தரணும். ஆபீஸ் விஷயம் இல்ல.”

“என்ன?”

“எனக்கும் எங்க அண்ணனுக்கும் தகராறு. அம்மா யார் வீட்ல இருக்கறதுன்னு. ரெண்டு பேரும் என்கிட்டதான் இருக்கணுங்கறோம். அம்மா, எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான், உங்க தங்கச்சி எங்க சொல்றாளோ அங்க இருக்கேன்னுட்டாங்க. தங்கச்சி ரொம்ப தூரத்துல இருக்கா. ரெண்டு வீடும் எப்படி இருக்கு, யார் எப்படிப் பாத்துக்கறாங்கன்னு எழுதி அனுப்புங்கங்கறா. நான் எழுதினா அண்ணன் கொடுமைக்காரன். அவன் எழுதினா நான்.”

“அதுக்கு நான் எதுக்கு? சொந்தக்காரங்க யாரும் இல்லையா?”

“இருக்காங்க. எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் நிக்கறாங்க.” அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். விசாரணையில் அவருக்குக் கொடுத்த, அவளுடைய ரிப்போர்ட்டின் நகல். கசங்கிப் போயிருந்தது. “இதை அண்ணன்கிட்டக் காட்டினேன். எனக்கு இவரைப் பிடிக்காதுன்னு எழுதிட்டு, அப்புறமும் என் வேலையக் காப்பாத்தியிருக்கீங்க. காப்பாத்திட்டு, என் தப்பையும் விடல. படிச்சிட்டு அவன், இந்தம்மா எழுதட்டும், நான் ஒத்துக்கறேன்னான். நாங்க ரெண்டு பேரும் ஒரு விஷயத்துல ஒத்துப்போனது இதுதான் மேடம்.”

“வீட்டுக்கு வந்து பாப்பேன். உங்க வீட்ல என்ன குறையோ அதுவும் அதுல வரும். அப்புறம் படியில நின்னு கத்தக் கூடாது.”

“தெரியும்.”

“அம்மா உங்களை விட்டுப் போனாலும் போயிடுவாங்க.”

ஹாரன் தாளை மடித்துப் பையில் வைத்தார், சரியாக நுழையாமல் மறுபடியும் எடுத்து மடித்தார். “தெரியும் மேடம்” என்றார். இந்த முறை அது வாசலைத் தாண்டிக் கேட்டிருக்காது.

அவளுக்கு ஆயாசமாக வந்தது. வாரம் பூராவும் அடுத்தவர்கள் சண்டையைப் படித்துவிட்டு, விடுமுறை நாளிலும் அதே பிழைப்பு. ஈரத் துணியைக் கொடியில் உதறிப் போட்டாள். ஒரு நாற்காலியை இழுத்து வாசலில் வைத்தாள். கொஞ்சம் யோசித்து, இன்னொன்றையும் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள்.

“முதல்ல உங்க அண்ணனையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சொல்லுங்க” என்றாள். “உங்களை எனக்குப் பிடிக்காது. அவரைப் பிடிச்சிடுச்சுன்னா நான் எழுத மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”